கான்ஃபிக்கில் "ஃபால்ஸ்" என்று போட்டும் ட்ரூவாகவே எடுத்துக்கொள்கிறது: வகைமாற்றத்தை எங்கே, எவ்வளவு கண்டிப்பாகச் செய்கிறீர்கள்?

இரவுப்பணி எழுதியது:

நோட்டில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) ஓடும் ஒரு சர்வீஸ், ஆர்டர் போட்டவர்களுக்கு மெயில் அனுப்புவதுதான் அதன் வேலை. டெஸ்ட் சர்வரிலிருந்து நிஜ மெயில் வெளியே போய்விடக் கூடாது என்று ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் (ப்ரோக்ராமுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) வைத்திருந்தோம். போன வாரம் டெஸ்ட் சர்வரில் பழைய டேட்டாவின் நகலை ஏற்றி ஓட்டினோம். கொஞ்ச நேரத்திலேயே "நான் எதுவும் ஆர்டர் போடவில்லையே, எதற்கு இந்த மெயில்" என்று வாடிக்கையாளர்களிடமிருந்து பதில்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதியது நான்தான், மறுபடியும் அப்படி ஒரு கடிதம் எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்த மாதிரி வேரியபிள்களை எழுதிவைக்கும் .என்வ் ஃபைலில் இருந்தது இதுதான் (படிக்க வசதியாகப் பெயர்களைத் தமிழில் போடுகிறேன்):

மெயில்_அனுப்பு=ஃபால்ஸ்
ரீட்ரை=0
டைம்அவுட்=30எஸ்

முதல் வரியைக் கோடில் வெறும் இஃப் போட்டுச் சோதித்திருந்தோம். ப்ராசஸ்.என்வ் (நோட் அந்த வேரியபிள்களைத் தரும் ஆப்ஜெக்ட்) வழியாக வருவதெல்லாம் ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத்தொடர், காலியில்லாத ஸ்ட்ரிங் எதுவாக இருந்தாலும் ட்ரூ, ஆக "ஃபால்ஸ்" என்ற சொல்லும் ட்ரூ. இது தெரியாத விஷயம் இல்லை, ஆனாலும் கண்ணில் படாமல் எட்டு மாதம் கோடில் கிடந்திருக்கிறது. டைப்ஸ்கிரிப்ட்தான் (டைப் சரிபார்ப்பு சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) எழுதுகிறோம், கான்ஃபிக் டைப்பில் அந்த ஃபீல்டு பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) என்றேகூட எழுதியிருந்தது, ஆனால் ஸ்ட்ரிங்கை அங்கே "ஆஸ்" (இதை இந்த டைப் என்றே எடுத்துக்கொள் என்று கம்பைலரிடம் சொல்லும் சொல்) போட்டுத் திணித்திருந்தார்கள், கம்பைலரும் நம்பிவிட்டது.

இதைத் தோண்டும்போதுதான் மற்ற இரண்டும் தெரிந்தன. ரீட்ரை வேண்டாம் என்று 0 போட்டிருக்கிறோம், கோடில் நம்பராக மாற்றிவிட்டு || 3 என்று டீஃபால்ட் கொடுத்திருக்கிறது, 0 என்பது ஃபால்ஸி (ஃபால்ஸாகக் கருதப்படும் மதிப்பு), || அதைத் தள்ளிவிட்டு 3-ஐ எடுக்கும், அதனால் எப்போதும் மூன்று தடவை முயற்சி செய்துகொண்டிருந்திருக்கிறது. டைம்அவுட்டில் முப்பது விநாடி என்று நினைத்து யாரோ 30எஸ் போட்டிருக்கிறார்கள், பார்ஸ்இன்ட் முன்னால் இருக்கிற 30-ஐ எடுத்துக்கொண்டு பின்னால் இருப்பதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது, அந்த 30 மில்லிசெகண்டாகப் போய் உட்கார்ந்துவிட்டது. "அந்த ஏபிஐ அடிக்கடி டைம்அவுட் ஆகிறது" என்று எதிர்த்தரப்பு டீமிடம் பல தடவை புகார் சொல்லியிருக்கிறோம், தப்பு முழுக்க எங்கள் பக்கம்.

பூலியனை இப்போதைக்கு "ட்ரூ" என்ற ஸ்ட்ரிங்கோடு === போட்டு ஒப்பிட்டுச் சரிசெய்துவிட்டேன். ஆனால் நாளைக்கு யாராவது முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டாலோ 1 என்று போட்டாலோ அது ஃபால்ஸ் ஆகிவிடும். இந்த வேரியபிளுக்கு அது பரவாயில்லை, ஆனால் என்கிரிப்ஷனை இயக்கும் வேரியபிளுக்கு? என் கேள்வி இதுதான்: இந்தச் சரிபார்ப்பையும் வகைமாற்றத்தையும் எங்கே வைக்கிறீர்கள், கையாலேயே எழுதுகிறீர்களா லைப்ரரியா, எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும்?


அரைப்புள்ளி எழுதியது:

உங்கள் === திருத்தத்தில் இருக்கிற ஓட்டையை நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். "ட்ரூ இல்லையென்றால் ஃபால்ஸ்" என்று எழுதினால் புரியாத மதிப்பு எல்லாவற்றுக்கும் நாமே ஓர் அர்த்தம் கொடுத்துவிடுகிறோம். ட்ரூ என்றால் ட்ரூ, ஃபால்ஸ் என்றால் ஃபால்ஸ், இரண்டும் இல்லையென்றால் ப்ரோக்ராம் எழுந்திருக்கவே கூடாது. பூலியனுக்கு மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது, "புரியவில்லை" என்பது அது. அதைக் கோடில் எழுதாமல் விடுவதுதான் இந்த வகைப் பிழைகளில் பாதிக்குக் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நான் செய்வது இப்படி. ப்ராசஸ்.என்வைத் தொடும் ஃபைல் ஒன்றே ஒன்று. அதில் நாலைந்து சின்ன ஃபங்ஷன்கள்: பூலியன் வாசிக்க ஒன்று, முழு எண் வாசிக்க ஒன்று, கால அளவு வாசிக்க ஒன்று, பட்டியலிலிருந்து ஒரு சொல் வாசிக்க ஒன்று. ப்ரோக்ராம் தொடங்கும் முதல் நொடியில் எல்லாவற்றையும் வாசித்து, மாற்றி, ஒரே ஆப்ஜெக்டாகக் கட்டி, ஃப்ரீஸ் செய்து (பிறகு மாற்ற முடியாதபடி பூட்டி) எக்ஸ்போர்ட் செய்கிறது. (ஃப்ரீஸ் மேல்மட்டத்தோடு நின்றுவிடும், உள்ளே ஆப்ஜெக்ட் இருந்தால் அதையும் தனியாக ஃப்ரீஸ் செய்ய வேண்டும்.) மற்ற ஃபைல் எதிலும் ப்ராசஸ்.என்வ் என்ற பெயரே வரக் கூடாது, இதைத் தடுக்க ஈஎஸ்லின்ட்டில் (கோடில் தப்புகளைத் தேடும் கருவி) விதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அவசரத்தில் யாராவது நடுவில் ஒரு இஃப் எழுதிவிடுவார்கள், திரும்பப் பழைய கதைதான்.

முழு எண் வாசிப்பதில்தான் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பார்ஸ்இன்ட் தாராளம், 30எஸ் கொடுத்தால் 30. சரி, நம்பர் ஃபங்ஷனுக்கு மாறலாம் என்று பார்த்தால் அது வேறு விதத்தில் தாராளம். 30எஸ் கொடுத்தால் நேன் தருகிறது, அதாவது "எண் அல்ல" என்கிற அந்த மதிப்பு, அதுவரை நல்லது. ஆனால் காலி ஸ்ட்ரிங்கைக் கொடுத்துப் பாருங்கள், 0 வரும். வெறும் ஸ்பேஸ் கொடுத்தாலும் 0. நல் (மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் மதிப்பு) கொடுத்தாலும் 0. .என்வ் ஃபைலில் "ரீட்ரை=" என்று எழுதிவிட்டு மதிப்பைப் போட மறந்தால் உங்களுக்குக் கிடைப்பது பிழை இல்லை, பூஜ்யம். அதுவே அதிகபட்ச அப்லோட் அளவாகவோ கனெக்ஷன் எண்ணிக்கையாகவோ இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இது போக 1இ3 என்று கொடுத்தால் 1000 (பார்ஸ்இன்ட்டிடம் அதையே கொடுத்தால் 1), 0எக்ஸ்10 என்று கொடுத்தால் 16, "இன்ஃபினிட்டி" என்ற சொல்லைக் கொடுத்தால் நிஜமாகவே முடிவிலி.

ஆகவே இரண்டையும் நேரடியாக நம்ப வேண்டாம். முதலில் ட்ரிம், பிறகு ^[0-9]+$ என்ற பேட்டர்னோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், பொருந்தினால் மட்டும் நம்பராக மாற்றி, நம்பர்.இஸ்சேஃப்இன்டிஜர் கேட்டு, அப்புறம் கீழ் எல்லை மேல் எல்லை. போர்ட் என்றால் 0 முதல் 65535 வரை. 0 செல்லுபடியாகும் போர்ட், காலியாக இருக்கிற ஏதாவது ஒன்றை ஆப்பரேட்டிங் சிஸ்டமே எடுத்துக்கொடுக்கட்டும் என்று அர்த்தம், டெஸ்ட் எழுதும்போது அடிக்கடி பயன்படும். || போட்டு டீஃபால்ட் கொடுக்கிற கோடில் இந்த 0 பிழைக்கவே பிழைக்காது.

டீஃபால்ட் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டின் 2020 பதிப்பான ஈஎஸ் 2020-இல் ?? வந்த பிறகு || இருந்த இடத்திலெல்லாம் ?? போட்டுவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 0 பிரச்சினை தீரும், உண்மைதான். ஆனால் ?? கவனிப்பது நல், அன்டிஃபைன்ட் (மதிப்பே கொடுக்கப்படாதது) இரண்டை மட்டும்தான், காலி ஸ்ட்ரிங்கை அது மதிப்பாகவே எடுத்துக்கொள்ளும். கன்டெய்னருக்கு வேரியபிளைக் கடத்தும் ஃபைல்களில் "பெயர்=" என்று காலியாக வருவது சர்வ சாதாரணம். காலியைக் "கொடுக்கவில்லை" என்று எடுப்பதா, "தப்பாகக் கொடுத்திருக்கிறார்கள்" என்று எடுப்பதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கொடுக்கவில்லை என்றே எடுக்கிறேன், டீஃபால்ட் இருந்தால் அது, இல்லையென்றால் பிழை.

டைம்அவுட்டுக்கு: வெறும் எண்ணை ஏற்காதீர்கள். 30எஸ் (விநாடி), 500எம்எஸ் (மில்லிசெகண்ட்), 5எம் (நிமிடம்) என்று அலகோடு இருந்தால்தான் ஏற்பது, உள்ளே மில்லிசெகண்டாக மாற்றி வைப்பது. அலகைக் கட்டாயமாக்க முடியாது என்றால் வேரியபிளின் பெயரிலேயே அலகைச் சேர்த்துவிடுங்கள், டைம்அவுட்_எம்எஸ் என்று. 30எஸ் போட்டவர் தப்பு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, பெயர் அவருக்கு எதுவும் சொல்லவில்லையே.

கடைசியாக ஒன்று, முதல் பிழையிலேயே நின்றுவிடாதீர்கள். ஆறு வேரியபிள் தப்பாக இருந்தால் ஆறையும் சேர்த்து ஒரே தடவையில் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும், இல்லையென்றால் டிப்ளாய் செய்பவர் ஆறு தடவை டிப்ளாய் செய்வார். "ரீட்ரை: 0 முதல் 10 வரை முழு எண் வேண்டும், கிடைத்தது '3x'" என்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தால் போதும். பாஸ்வேர்டு, டோக்கன் மாதிரி ரகசியங்களுக்கு மட்டும் கிடைத்த மதிப்பை அச்சிடவே கூடாது, நீளத்தைச் சொன்னால் போதும்.


வெளிச்சுவர் எழுதியது:

அரைப்புள்ளி சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, ஆனால் இருபது முப்பது வேரியபிள் தாண்டினால் நான் லைப்ரரிக்குப் போய்விடுவேன். ஸ்கீமா (எந்த ஃபீல்டில் என்ன டைப் வர வேண்டும் என்ற வரையறை) ஒன்றை எழுதினால் சரிபார்ப்பும் கிடைக்கிறது, டைப்ஸ்கிரிப்ட் டைப்பும் அதிலிருந்தே வந்துவிடுகிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிப்போக வழியே இல்லை. "ஆஸ்" போடுகிற பழக்கம் தானாகப் போய்விடும்.

ஆனால் லைப்ரரி போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். உங்களுக்கு வந்த அதே பிழையை லைப்ரரிக்குள்ளேயே நான் பார்த்திருக்கிறேன். ஸோடில் (அப்படிப்பட்ட ஒரு சரிபார்ப்பு லைப்ரரி) கோயர்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, பெயரைப் பார்த்தால் புத்திசாலித்தனமாக மாற்றித் தரும் என்று தோன்றும். உண்மையில் அது உள்ளே கூப்பிடுவது ஜாவாஸ்கிரிப்ட்டின் பூலியன், நம்பர் ஃபங்ஷன்களைத்தான். ஆக "ஃபால்ஸ்" என்ற ஸ்ட்ரிங் கோயர்ஸ் பூலியனுக்குப் போனால் ட்ரூவாகவே வரும். காலி ஸ்ட்ரிங் கோயர்ஸ் நம்பருக்குப் போனால் 0. நல் கோயர்ஸ் டேட்டுக்குப் போனால் 1970 ஜனவரி 1. என்வ் வேரியபிளுக்கு ஸோடின் 4-ஆம் பதிப்பில் ஸ்ட்ரிங்பூல் என்று தனியாகவே ஒன்று வந்திருக்கிறது, அதுதான் உங்களுக்கு வேண்டியது. ட்ரூ, 1, யெஸ், ஆன் போன்றவற்றை ட்ரூவாகவும், ஃபால்ஸ், 0, நோ, ஆஃப் போன்றவற்றை ஃபால்ஸாகவும் எடுக்கும், பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது, தெரியாத சொல் வந்தால் பிழை தரும். அரைப்புள்ளி சொன்ன மூன்றாவது பதில் அதில் இருக்கிறது.

ஏஜேவி என்கிற இன்னொரு சரிபார்ப்பு லைப்ரரியைப் பயன்படுத்தினால் கோயர்ஸ்டைப்ஸ் ஆப்ஷன் டீஃபால்ட்டாக அணைந்திருக்கும். இயக்கினால் அதன் மாற்ற விதிகள் ஜாவாஸ்கிரிப்ட் விதிகளைவிடக் கண்டிப்பானவை: "ட்ரூ", "ஃபால்ஸ்" இரண்டு ஸ்ட்ரிங் மட்டும் பூலியனாகும், வேறு சொல் வந்தால் பிழை. ஆனால் நீங்கள் கொடுத்த ஆப்ஜெக்டையே அது மாற்றி எழுதிவிடும், புதிதாக ஒன்றைத் திருப்பித் தருவதில்லை. லாகில் "வந்த டேட்டா" என்று எழுதுகிறோமே, அதைச் சரிபார்ப்புக்குப் பிறகு எழுதினால் வந்தது இருக்காது, மாறியதுதான் இருக்கும். இதனால் ஒரு பிழையைத் தேடி அரை நாள் போனது. ஃபாஸ்டிஃபை (நோட்டுக்கான ஒரு வெப் சர்வர் ஃப்ரேம்வொர்க்) ஏஜேவியைத்தான் பயன்படுத்துகிறது, அங்கே இந்த மாற்றம் டீஃபால்ட்டாகவே இயங்கும், ஸ்கீமாவில் கூடுதல் ப்ராப்பர்ட்டிகளைத் தடைசெய்திருந்தால் அவற்றைப் பிழையில்லாமல் நீக்கியும் விடும். அது தெரியாமல் "நான் அனுப்பிய ஃபீல்டு எங்கே போனது" என்று தேடுகிறவர்கள் நிறைய.

அதே கூடுதல் ஃபீல்டு விஷயம் கான்ஃபிக்கிலும் முக்கியம். ஸோடில் ஆப்ஜெக்ட் ஸ்கீமா, தெரியாத கீகளைப் பேசாமல் கழித்துவிடும். ஜேசன் கான்ஃபிக் ஃபைலில் யாராவது "டைம்அவுட்" என்பதற்குப் பதில் "டைம்ஔட்" என்று எழுத்துப்பிழையோடு போட்டால் அது கழிந்துபோய் டீஃபால்ட் மதிப்பு வந்து உட்காரும், எல்லாம் சரியாக இருப்பது மாதிரியே தெரியும். கான்ஃபிக் ஃபைலுக்கு ஸ்ட்ரிக்ட் போடுங்கள், தெரியாத கீ வந்தால் கத்தட்டும். ப்ராசஸ்.என்வுக்கு மட்டும் ஸ்ட்ரிக்ட் போட முடியாது, சிஸ்டம் வைத்திருக்கிற நூறு வேரியபிளும் அதில் வரும்.


கல்வெட்டு எழுதியது:

எல்லாரும் கண்டிப்பு கண்டிப்பு என்கிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்க்கட்சியில் நிற்கிறேன். கான்ஃபிக்கும் வெளியிலிருந்து வரும் ரிக்வெஸ்ட் டேட்டாவும் ஒன்றில்லை. கான்ஃபிக் தப்பாக இருந்தால் ப்ரோக்ராம் எழுந்திருக்காது, நம் டீமில் ஒருவர் பார்த்துத் திருத்துவார், ஐந்து நிமிட வேலை. ரிக்வெஸ்ட்டில் தப்பு இருந்தால் எதிரே இருப்பவர் ஒரு ஃபார்மை நிரப்பிக்கொண்டிருக்கும் மனிதர். ஃபோன் நம்பருக்கு நடுவில் ஸ்பேஸ் விட்டார் என்பதற்காக அவரைத் திருப்பி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்பேஸை நாமே எடுத்துவிடலாமே.

"அனுப்புவதில் கண்டிப்பு, பெறுவதில் தாராளம்" என்பது பழைய பாடம். ஜான் போஸ்டல் 1980-இல் டிசிபிக்கான (இணையத்தின் அடிப்படைத் தகவல் பரிமாற்ற விதிமுறை) ஆர்எஃப்சி 761 என்ற இணைய ஆவணத்தில் இந்தக் கருத்தை எழுதினார், இணையம் இவ்வளவு வளர்ந்ததில் அதற்குப் பங்கு இருக்கிறது.


அரைப்புள்ளி எழுதியது:

கல்வெட்டு, ஃபோன் நம்பர் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் அந்தப் பாடத்தையே அதே உலகத்து ஆட்கள் பின்னாளில் மறுபரிசீலனை செய்திருக்கிறார்கள், 2023-இல் வந்த ஆர்எஃப்சி 9413 அதற்காகவே எழுதப்பட்டது. அதன் வாதம் சுருக்கமாக: தப்பாக வருவதை ஏற்றுக்கொண்டே போனால் அனுப்புகிறவருக்குத் தன் தப்பு தெரியவே தெரியாது, அந்தத் தப்பே நாளடைவில் வழக்கமாகிவிடும், பிறகு புதிதாக எழுதுகிற எல்லாரும் அந்தத் தப்பையும் ஆதரிக்க வேண்டியிருக்கும். 30எஸ் கதையே இதற்கு உதாரணம், பார்ஸ்இன்ட் தாராளமாக நடந்துகொண்டதால்தான் இரவுப்பணி டீமுக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

என் அளவுகோல் வேறு. ஸ்பேஸை எடுத்தால் ஃபோன் நம்பரின் அர்த்தம் மாறாது, அது ஒரே ஒரு எண்ணாகத்தான் இருக்க முடியும், அதனால் எடுத்துவிடலாம். 03/04/2025 என்ற தேதிக்கு இரண்டு அர்த்தம் உண்டு, மார்ச் 4-ஆ ஏப்ரல் 3-ஆ என்று நாம் ஊகிக்கக் கூடாது, கேட்டுவிட வேண்டும். டேட் கன்ஸ்ட்ரக்டரில் அந்த ஸ்ட்ரிங்கைப் போட்டால் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 2025-04-03 என்று தெளிவாகக் கொடுத்தாலும் ஒரு கண்ணி இருக்கிறது: நேரம் சேர்க்காமல் தேதி மட்டும் அந்த வடிவில் இருந்தால் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று வாசிக்கும், நேரத்தையும் சேர்த்து நேர மண்டலத்தை விட்டுவிட்டால் உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். அதனால் யுடிசிக்குப் பின்னால் இருக்கிற இடங்களில் தேதி ஒரு நாள் முன்னதாகத் தெரியும்.

ரிக்வெஸ்ட்டில் தாராளத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, வருவது ஸ்ட்ரிங்தானா என்பது. எக்ஸ்பிரஸில் (நோட்டுக்கான இன்னொரு வெப் ஃப்ரேம்வொர்க்) யூஆர்எல்லில் ?பக்கம்=2&பக்கம்=5 என்று ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் உங்களுக்குக் கிடைப்பது அர்ரே. பார்ஸ்இன்ட் அதை "2,5" என்ற ஸ்ட்ரிங்காக்கி 2 என்று எடுத்துக்கொள்ளும், ட்ரிம் கூப்பிட்டிருந்தால் அர்ரேயில் அப்படி ஒரு மெத்தடே இல்லை என்று சர்வர் 500 (சர்வர் பக்கப் பிழை) அடிக்கும். டைப்ஆஃப் பார்த்து ஸ்ட்ரிங் இல்லையென்றால் 400 (ரிக்வெஸ்ட் தப்பு) அனுப்பிவிடுங்கள்.


இரவுப்பணி எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று நாள் உட்கார்ந்து கான்ஃபிக் ஃபைல் ஒன்றைப் புதிதாக எழுதினேன். மொத்தம் 41 வேரியபிள், அதில் 9 எங்கேயும் பயன்படுத்தப்படவில்லை, தூக்கிவிட்டேன். பூலியனுக்கு ஸ்ட்ரிங்பூல், எண்ணுக்கும் கால அளவுக்கும் அரைப்புள்ளி சொன்ன மாதிரி கையால் எழுதிய ஃபங்ஷன்களை ஸ்கீமாவுக்குள் வைத்தேன். முதல் தடவை ஓட்டியதும் ஏழு பிழைகள் ஒன்றாக வந்தன, அவற்றில் இரண்டையும் பிறகு தெரிந்த ஒன்றையும் இங்கே போடுகிறேன், பிறகு வருகிறவர்களுக்கு உதவும்.

ஒன்று, டோக்கன். ரகசியங்கள் ஃபைலாக வருகின்றன, அதை உருவாக்கியபோது கடைசியில் ஒரு நியூலைன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹெடரில் செல்லாத எழுத்து இருக்கிறது என்று நோட் அவ்வப்போது கொடுத்த பிழைக்கு இதுதான் காரணம். நீளத்தை மட்டும் அச்சிடுங்கள் என்றீர்களே, 40 இருக்க வேண்டிய இடத்தில் 41 என்று வந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு. அதன் நடுவில் # இருந்தது, .என்வ் ஃபைலில் மேற்கோள்குறி இல்லாமல் எழுதியிருந்தார்கள். .என்வ் ஃபைலை வாசிக்கும் டாட்என்வ் லைப்ரரி #-க்குப் பிறகு வருவதைக் கமென்ட் என்று வெட்டிவிடுகிறது. குறைந்தபட்ச நீளம் 16 என்று ஸ்கீமாவில் வைத்ததால் மாட்டியது. ப்ரொடக்ஷனில் பாஸ்வேர்டு வேறு வழியாக வருவதால் அங்கே தெரியவில்லை, புதிதாகச் சேருகிறவர்களின் கம்ப்யூட்டரில் மட்டும் "கனெக்ட் ஆகவில்லை" என்று வந்துகொண்டிருந்தது, வேரியபிள் பெயரே வராத பிழை அது.

மூன்றாவது எனக்கு இன்னும் புரியவில்லை. பழைய செஷன்களைக் கழிக்கும் வேலை 30 நாளுக்கு ஒரு தடவை ஓட வேண்டும். 30டி என்று எழுதி, மில்லிசெகண்டாக 2592000000 என்று சரியாகவே மாறுகிறது. ஆனால் அதை செட்இன்டர்வலில் (ஒரு வேலையைக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓட்டும் ஃபங்ஷன்) கொடுத்தால் நிற்காமல் ஓடுகிறது, சிபியு ஒரு கோர் முழுக்கப் போகிறது. எண் சரி, டைப் சரி, எல்லைக்குள் இருக்கிறது. என்ன தப்பு?


வெளிச்சுவர் எழுதியது:

உங்கள் கோடில் தப்பு இல்லை, எல்லையில் இருக்கிறது. டைமர்கள் கால அளவை 32 பிட் எண்ணாக வைத்துக்கொள்கின்றன, அதிகபட்சம் 2147483647 மில்லிசெகண்ட், நாளாகப் பார்த்தால் 24.8 நாள் சொச்சம். அதைத் தாண்டினால் நோட் அதை 1 மில்லிசெகண்ட் என்று ஆக்கிவிடும். நேன் போனாலும் அதே 1 தான். லாகில் டைம்அவுட் ஓவர்ஃப்ளோ என்று ஒரு எச்சரிக்கை வந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

கால அளவு வாசிக்கும் ஃபங்ஷனில் 2147483647-ஐ மேல் எல்லையாகப் போட்டுவிடுங்கள், டைமருக்குப் போகாத மதிப்புகளுக்கு மட்டும் தனியாக விலக்குக் கொடுங்கள். 30 நாள் வேலையை செட்இன்டர்வலில் வைக்கவே வேண்டாம், நடுவில் ஒரு டிப்ளாய் நடந்தாலே கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். தினமும் ஒரு தடவை ஓடி, 30 நாளுக்குப் பழையதை மட்டும் அழிக்கிற மாதிரி மாற்றுவது நல்லது.

டெஸ்ட்டும் எழுதுவீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டெஸ்ட் முடிந்ததும் வேரியபிளை நீக்குவதாக நினைத்து ப்ராசஸ்.என்வில் அன்டிஃபைன்டை அசைன் செய்யாதீர்கள். நோட் அதை "அன்டிஃபைன்ட்" என்ற ஸ்ட்ரிங்காக மாற்றி வைக்கும், அடுத்த டெஸ்ட்டுக்கு அது ஒரு நிஜ மதிப்பு. டிலீட் போட்டுத்தான் நீக்க வேண்டும்.


இரவுப்பணி எழுதியது:

எச்சரிக்கை இருந்தது, லாகில் நாலு மாதத்துக்கு முந்தைய தேதியில். அன்றைக்குத்தான் யாரோ 20 நாளை 30 நாளாக மாற்றியிருக்கிறார்கள். மேல் எல்லை போட்டாயிற்று, "செஷன்_கழிப்பு: அதிகபட்சம் 24 நாள், கிடைத்தது '30டி'" என்று சொல்லிவிட்டு ப்ரோக்ராம் எழ மறுக்கிறது. டெஸ்ட்டுகளில் அன்டிஃபைன்ட் அசைன் செய்த இடம் பதினொன்று கிடைத்தது, மாற்றிக்கொண்டிருக்கிறேன்.